பாக்கி ஆள்

ஆடியில் கிளம்புகிற காற்று ஐப்பசி பிறந்தும் ஓயாமல், ஊரைச் சுற்றி நிற்கிற காற்றாலைகளின் இறக்கைகள் சுற்றிச் சுற்றி, பேசுகிற பேச்செல்லாம் வாயை விட்டு வந்ததும் தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகள் பக்கம் பறந்துபோய்விடுகிற மாதிரி ஆகிவிட்ட அந்த வருசத்தில்தான், எங்கள் செவ்விளையில் ஆட்கள் தாங்கள் ஆக நினைத்ததாகவே ஆகி, தங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தவள் மாவுமில் வேலாயுதத்தின் மகள் பார்கவி. அரசாங்கப் பரீட்சைகளை எழுதி எழுதி, ஒவ்வொன்றிலும் மயிரிழையில் தவறிக்கொண்டே இருந்த பிள்ளை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில், பெற்றவர்கள் கேட்க, "வார தை மாசம் முடியுததுக்குள்ள நான் கவர்மெண்ட் சீட்ல உக்காந்திருப்பேன்" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாள். மறுநாள் விடியலில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டு அவள் அம்மா சரோஜா திறந்தபோது, கஞ்சி போட்ட காட்டன் சேலையும், கழுத்தில் அடையாள அட்டையும், தோளில் கைப்பையுமாகப் பார்கவி வாசலில் நின்றாள். உள்ளே திரும்பிப் பார்த்தால் பார்கவி பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். சரோஜா அங்கேயும் இங்கேயுமாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வந்தவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். வேறு என்ன செய்வாள், வந்து நிற்பதும் பெற்ற மகள்தானே.

வந்தவள் காலை பஸ்ஸில் ஏறிப் போனாள், சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்தாள். எந்த ஆபீஸ் என்று கேட்டவர்களிடம் "ஆபீஸ்" என்றாள். வேலாயுதம் தெரு முழுக்க லட்டு கொடுத்தார். கல்யாணத் தரகர் வந்து ஜாதகம் வாங்கிப்போனார். பாயில் தூங்கிய பார்கவி எழுந்து, தன் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டாள். இனி எதற்குப் படிக்க வேண்டும்?

அதற்குப் பிறகு அது பரவியது. பேக்கரி எட்வின் உடம்பை இளைக்கப்போவதாக மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்ள, மறுநாள் இடுப்பு சிறுத்த எட்வின் ஒருவர் இறுக்கமான பேண்ட் போட்டுக்கொண்டு பேக்கரி வாசலில் வந்து நின்றார். திக்குவாய்ப் பிச்சையா, திக்காமல் பேசுகிற பிச்சையாவை வீட்டுக்குள் அழைத்துப்போய் உட்கார வைத்தான். ஊர் இதற்கு மிரண்டுவிடவில்லை. டீக்கடை பெஞ்சுகளில் கொஞ்ச நாள் பேசினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்ததால் 'எட்டினவுக' என்று வைத்தார்கள். சத்தியம் செய்துவிட்டு இன்னும் எட்டாமல் வீட்டில் கிடந்த அசல் ஆளுக்குப் 'பாக்கி' என்று தானாகவே பெயர் விழுந்தது. ரேஷன் கடையில் எட்டினவர்களுக்கு அரிசி உண்டா இல்லையா என்று தகராறு நடந்து, அவர்கள் சாப்பிட உட்காருகிறார்களே தவிர இலையில் வைத்தது வைத்தபடியே இருக்கிறது என்று தெரிந்ததும் தகராறு ஓய்ந்தது. சலூன் மாசிலாமணிக்கு மட்டும்தான் வருத்தம், எட்டினவர்களுக்கு முடி வளரவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் முதலில் "எட்டினவுகளையும் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். கொஞ்ச நாள் போனதும் "எட்டினவுகள அனுப்புங்க, போதும்" என்றார்கள்.

சுயம்புலிங்கம் இப்படி வந்த பிறகுதான் எங்களுக்கு இதன் மறுபக்கம் தெரிந்தது.

சுயம்பு பஜாரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார், மிக்ஸி, டேபிள் ஃபேன் எது எரிந்துபோனாலும் அவரிடம்தான் போகும். கை சுத்தமான கை. ஆனால் பொழுது அடையும் நேரமானால் அந்தக் கை நடுங்கும், கால் தானாக எழுந்து ஒயின்ஷாப்புக்கு நடக்கும். மனைவி ஜெயக்கொடி பிளவுஸ் தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். மகள் வினிஷா ஏழாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய அன்றைக்கு, சுயம்பு பள்ளிக்கூட மேடையில் தள்ளாடி ஏறி, தலைமை ஆசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். அன்றிலிருந்து வினிஷா பரிசு கிடைத்தால் வீட்டில் சொல்வதில்லை.

கார்த்திகையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவின்போது, மேளம் உச்சத்தில் ஏறி, அம்மன் கண் திறந்ததாகச் சனம் குலவையிட்ட நேரத்தில், சுயம்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், "அடுத்த கொடைக்குள்ள குடிய முழுசா விட்டவனா ஒம் முன்னால நிப்பேன் தாயே" என்று கத்திக் கற்பூரத்தை அடித்தார். ஜெயக்கொடி அழுதாள். சத்தியம் செய்து முடித்ததும் சுயம்புவின் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினாற்போல் இருந்தது. அந்த நிம்மதியில் நேரே ஒயின்ஷாப்புக்குப் போய், கடைசித் தடவை என்று சொல்லி வயிறு முட்டக் குடித்துவிட்டு, தன் கடைத் தரையிலேயே படுத்துவிட்டார்.

வெயில் ஏறிய பிறகு வீட்டுக்குப் போனால், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, ஒதுக்கிய மீசை, நெற்றியில் திருநீறு. கண்ணில் மஞ்சள் இல்லை. முன்னால் தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஜெயக்கொடி புதுச்சேலை கட்டி நின்றாள்.

"ஏளா, யாரு இது?" என்றார் சுயம்பு.

"நீங்கதான்" என்றாள் ஜெயக்கொடி. "விடியக்காலம் வந்திய."

"அப்பம் நான்?"

"நீங்க கடையிலயே படுத்துக்கிடுங்க. இவுக இங்ஙன இருக்கட்டும்."

"அவன் நான்தாம்ளா!"

"தெரியும். அதனாலதான் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு, அவருடைய மாற்று வேட்டியையும் தலையணையையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். கோபமாகக் கொடுக்கவில்லை. ஊருக்குப் போகிறவருக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தாள். எட்டினவர் நிமிர்ந்து பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகைக்கு முன்னால் எதுவும் இல்லை, பின்னாலும் எதுவும் இல்லை, சுவரில் மாட்டின படத்துப் புன்னகை மாதிரி இருந்தது.

முதலில் சுயம்புவுக்கு இது வசதியாகவே இருந்தது. ஒயின்ஷாப்பில் யாராவது "சத்தியம் பண்ணுனீரே, என்னாச்சு?" என்று கேட்டால், "நான் விட்டுட்டேன்யா, சந்தேகம்னா வீட்ல போய்ப் பாரும்" என்று சொல்லிச் சிரித்தார். விட்டாகிவிட்டது. விட்டவன் வீட்டில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான். இனி குடித்தால் யாருக்கு நஷ்டம்? மார்கழி முழுக்க முன்னைவிட அதிகமாகக் குடித்தார். அந்த மார்கழியில்தான் அவர் குறைய ஆரம்பித்தார்.

உடம்பு குறையவில்லை. டீக்கடையில் எல்லோருக்கும் டீ வரும், அவருக்கு வராது. கேட்டால் மாஸ்டர் திடுக்கிட்டு, "அண்ணாச்சி எப்ப வந்திய?" என்பார். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், கடைக்குள் நிற்கிற அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ஆள் இல்லை போல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். பஜார் நாய்கள் அவரைப் பார்த்துக் குரைப்பதை விட்டன. ஒருநாள் செம்மண் பாதையில் நடந்துவிட்டுத் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். ஆடு போன தடம் இருந்தது, சைக்கிள் போன தடம் இருந்தது, அவர் போன தடம் இல்லை.

அவர் பயந்து தேரிக்காட்டுப் பக்கம் ஓடினார். அங்கே காற்றாலை ஒன்றின் அடியில், இறக்கையின் நிழல் வந்து வந்து வெட்டிப் போகிற இடத்தில், ஊரின் பாக்கிகள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். பேக்கரி எட்வினின் பருத்த உடம்பு துணி உலர்த்தினதுபோல் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பிச்சையா வாயைத் திறந்து திறந்து மூடினான், திக்கக்கூட சத்தம் வரவில்லை. ஓரமாகப் பார்கவி முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒங்களுக்கு இன்னும் பசிக்கா?" என்று கேட்டாள்.

"பசிக்கி."

"எனக்கு நின்னுட்டு" என்றாள். "மொதல்ல அம்மா தட்டு வைக்க மறந்தா. பெறவு எனக்கே மறந்துட்டு. நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் செய்ய வேண்டாம்லா."

"வீட்டுக்கு வாம்மா, நான் கூட்டிட்டுப் போறேன்."

"அங்க நான்தான் இருக்கேனே" என்றாள் பார்கவி, எதிரில் இருப்பதைச் சொல்வதுபோல.

சுயம்பு மறுபடி அங்கே போனபோது, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் காற்று மணலை வரிவரியாக மடித்துப் போட்டிருந்தது. "பார்கவி எங்க?" என்று மற்றவர்களைக் கேட்டார். "யாரு?" என்றார்கள்.

அவர் கடைக்குத் திரும்பிவந்து ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பொழுது அடையும் நேரம். ஒயின்ஷாப் கூப்பிட்டது. போகலாம், போனால் இன்னும் கொஞ்சம் குறையலாம், குறைந்து குறைந்து மணலாகிவிட்டால் இந்தக் கூப்பாடும் நின்றுவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அப்போது ஷட்டருக்கு அடியில் இரண்டு சின்னக் கால்கள் வந்து நின்றன.

"அப்பா, இருக்கியளா?"

வினிஷா குனிந்து உள்ளே வந்தாள். கையில் டேபிள் ஃபேன். இருட்டில் அவரைத் தேடிக் கண்ணைச் சுருக்கினாள். அவர் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பார்த்துப் பேசினாள்.

"ஃபேன் ஓடல. அவுகட்ட கொடுத்தேன். மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாவ. சரி பண்ணுங்கன்னு சொன்னா, 'எல்லாம் சரி ஆயிட்டு'ங்காவ." அவள் குரல் தாழ்ந்தது. "அப்பா, அவுக இருமுதே இல்ல. தூங்கும்போது பக்கத்துல போய்க் கேட்டேன். மூச்சுச் சத்தமும் இல்ல."

சுயம்பு ஃபேனை வாங்கினார். திருப்புளி இரண்டு தடவை கீழே விழுந்தது. இரண்டு தடவையும் வினிஷா எடுத்துக் கொடுத்தாள். எரிந்த கம்பியை உரித்து எடுத்து, புதுக் கம்பியை ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் ஒரு சுற்றாகச் சுற்றத் தொடங்கினார். நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. நடுவில் எழுந்து வாசல்வரை போனார். கம்பியின் முனையைப் பிடித்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்ததால் திரும்பி வந்தார். விட்டால் சுற்றெல்லாம் அவிழ்ந்துவிடும். ஃபேன் ஓடி, காற்று இரண்டு பேர் முகத்திலும் அடித்தபோது பஜாரில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரம் கடந்துபோயிருந்தது. அவர் குடித்திருக்கவில்லை.

வினிஷாவுக்கு அது புரிந்தது. கண் பளபளக்க, "இனிமே குடிக்கவே மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கப்பா" என்றாள்.

சுயம்பு பதறி அவள் வாயைப் பொத்தினார். "வேண்டாம்ளா. சத்தியம் பண்ணுனா இன்னொருத்தன் வந்துருவான்."

"அப்பம் என்ன செய்ய?"

அவர் யோசித்தார். வாழ்க்கையில் எதை நினைத்தாலும் அதன் முடிவைத்தான் முதலில் நினைத்திருக்கிறார். முடிவைத் தொடாமல் எப்படி நினைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், "நாளைக்கு இந்த நேரத்துக்கு ஏதாவது ஓடாத சாமான் இருந்தா எடுத்துட்டு வா" என்றார்.

மறுநாள் அவள் எதிர்வீட்டு மிக்ஸியோடு வந்தாள். அதற்கடுத்த நாள் அயர்ன்பாக்ஸ். ஓடாத சாமான் கிடைக்காத ஒருநாள், ஓடுகிற ரேடியோவையே கழற்றி மாட்டினார்கள். சுயம்பு மெல்ல மெல்ல, இன்னதற்காக என்று தன்னிடமே சொல்லிக்கொள்ளாமல், சில காரியங்களை மாற்றிவைத்தார். பஜார் பாதையை விட்டுவிட்டுக் கோயில் சந்து வழியாகக் கடைக்கு வந்தார். பொழுது சாய்வதற்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிட்டார், வெறும் வயிறுதான் காலை இழுத்துக்கொண்டு போகிறது என்று கண்டுபிடித்திருந்தார். மோட்டார்க் கூலியைக் கையில் வாங்குவதை நிறுத்தி, "வீட்ல தையல் மிஷின்கிட்ட குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டார். செருப்பைக் கழற்றி மகளிடம் கொடுப்பார், அவள் அதைத் தன் பைக்குள் வைத்துக்கொள்வாள். எதையும் விடப்போவதாக அவர் நினைக்கவில்லை. இந்தச் சாயங்காலம் கையில் வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

தையின் கடைசி நாளில், எட்டின பார்கவி வழக்கமான பஸ்ஸுக்குக் கிளம்பியபோது சரோஜா அவளுக்குத் தலையில் பூ வைத்தாள். வைக்கும்போது என்ன தோன்றியதோ, மகளின் தலைமுடியில் முகத்தைப் புதைத்தாள். எண்ணெய் வாசம் இல்லை, வியர்வை வாசம் இல்லை, மகளின் வாசம் இல்லை. மூடியிருந்த பெட்டியைத் திறந்து முகர்ந்ததுபோல் இருந்தது. சரோஜா பின்னாலேயே பஸ் நிறுத்தம்வரை ஓடினாள். வந்தது எங்கள் ஊர் பஸ் இல்லை. முன்னால் ஊர்ப்பெயர் எழுதியிருக்கவில்லை. பார்கவி ஏறிக்கொண்டாள், சாயங்காலம் திரும்பி வரவில்லை. தை முடிந்துவிட்டது, அவள் வந்த காரியமும் முடிந்துவிட்டது. சரோஜா வீட்டுக்கு ஓடிவந்து அசல் பார்கவியைத் தேடினாள். பாய் சுருட்டியபடி இருந்தது. பரணில் புத்தகக் கட்டு இருந்தது. ஊர் முழுக்க ஒவ்வொரு வீடாக ஏறி, "எம் பாக்கி எங்க? எம் பாக்கி எங்க?" என்று அவள் கேட்ட கேள்வி இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

அன்றைக்குப் பொழுது அடையும் நேரத்தில் ஜெயக்கொடி தூக்குச்சட்டியோடு கடைக்கு வந்தாள். வாசலில் நின்று, உள்ளே எரிகிற குண்டு பல்பின் வெளிச்சத்தில், மகளுக்குப் பக்கத்தில் இருந்த இருட்டை நீண்ட நேரம் உற்றுப் பார்த்தாள். வியர்வை நாற்றமும் வார்னிஷ் நாற்றமும் வந்த பிறகுதான் அவர் அவள் கண்ணுக்குத் தெரிந்தார்.

"கொழம்பு ஊத்திக் கொண்டாந்தேன்" என்றாள்.

"ஜெயா, நான் விட்டுட்டேன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லாதிய" என்றாள் அவள் அவசரமாக. "தயவுசெஞ்சு சொல்லாதிய. சாப்புடுங்க."

அவர் சாப்பிட்டார். தட்டு காலியாவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு அவளும் தையல் வேலையைச் சாயங்காலம் கடைக்கே தூக்கி வந்தாள். ஒருபக்கம் காயில், ஒருபக்கம் கொக்கி வைத்தல், நடுவில் பிள்ளையின் வீட்டுப்பாடம். இதில் ஒரு தடவை சுயம்பு தவறவும் செய்தார். சித்திரையில் ஜெயக்கொடி மகளோடு தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த அன்று, மின்சாரமும் இல்லாமல் போக, கால் பழைய பாதையிலேயே நடந்தது. மறுநாள் காலையில் கண்விழித்ததும் பழக்கத்தில் கை நெஞ்சுக்குப் போனது, அம்மன் மேல் ஆணையாக என்று சொல்ல வாய் திறந்தது. வாயை மூடிக்கொண்டார். முகத்தைக் கழுவினார். கடையைத் திறந்தார். சாயங்காலம் மகளிடம் செருப்பைக் கொடுத்தார். "நேத்து...?" என்று ஆரம்பித்த ஜெயக்கொடி, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு அத்தோடு விட்டுவிட்டாள். செம்மண் பாதையில் அவருடைய தடம் அப்போது அரைகுறையாக, குதிகால் மட்டும் விழத் தொடங்கியிருந்தது.

வீட்டில் எட்டினவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆடி பிறந்து காற்று இன்னும் வலுத்த ஒரு சாயங்காலம் அவர் எழுந்தார். அன்று ஜெயக்கொடி மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தாள். சுயம்பு தனியாகக் கிணற்று மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். வாசலை மறைத்து வெள்ளைச் சட்டை வந்து நின்றது. கையில் ஒரு பாட்டிலும் ஒரு கிளாசும் இருந்தன.

"ஏன் இப்படிச் சங்கடப்படுதீரு?" என்று கேட்டார் எட்டினவர். சுயம்புவின் குரல்தான், நடுக்கம் மட்டும் இல்லை. "நான்தான் விட்டுட்டேன்லா. நீரு குடியும்."

எதிரில் உட்கார்ந்து, பிள்ளைக்கு மருந்து ஊற்றுவதுபோல அவ்வளவு பக்குவமாக கிளாசில் ஊற்றினார். வாடை எழுந்து கடை முழுக்க நிறைந்தது. சுயம்புவின் நாக்கு ஊறியது. உடம்பில் ஒவ்வொரு நரம்பும் அந்தப் பக்கம் திரும்பியது.

"ஒரு கிளாஸ். பெறவு வேண்டியதே இருக்காது. நீரு போயிட்டீர்னா எல்லாருக்கும் நிம்மதி. பொம்பளைக்கும் பிள்ளைக்கும் நான் இருக்கேன்."

"அடுத்த கொடை வரைக்கும்தான இருப்பீரு" என்றார் சுயம்பு.

எட்டினவர் புன்னகை செய்தார்.

சுயம்பு கிளாசைப் பார்த்தார். பிறகு, பார்க்காமலிருக்க முடியாததால், எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தார். பொறாமையாக இருந்தது. இவ்வளவு தெளிவான கண், இவ்வளவு அமைதியான கை. "ஒரு விசயம் கேக்கேன், சொல்லும்" என்றார். "நீரு எப்படி விட்டீரு?"

"விட்டுட்டேன்."

"அதான், எப்படி? மொத நாள் என்ன செஞ்சீரு? கை ஆடுச்சா? வாந்தி வந்துச்சா? யாரு பக்கத்துல இருந்தா?"

"விட்டுட்டேன்" என்றார் எட்டினவர். புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும், இல்லாத ஒரு அறையில் எதையோ தேடுவதுபோல இங்குமங்கும் அலைந்தன. "விட்டுட்டேன். விட்டுட்டேன்."

சுயம்புவுக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. கம்பியின் முனையை எடுத்து எதிரில் நீட்டி, "இதைக் கொஞ்சம் பிடியும்" என்றார். எட்டினவர் பிடித்தார். விரல்கள் கிணற்றுக் கல்லைப்போலக் குளிர்ந்திருந்தன. சுயம்பு சுற்ற ஆரம்பித்தார், கை ஆடி ஆடிச் சுற்று பிசகும்போதெல்லாம் பிரித்துவிட்டு மறுபடி சுற்றினார், காற்று ஷட்டரை உலுக்கிக்கொண்டே இருந்தது, கிளாஸ் தரையில் நிறைந்தபடியே இருந்தது. ஜெயக்கொடி திரும்பி வந்தபோது கடையில் அவள் புருசன் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவள் கிளாசை எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள். பிறகு எட்டினவரின் கையிலிருந்து கம்பியை வாங்கித் தான் பிடித்துக்கொண்டாள்.

கார்த்திகை வந்தது, கொடை வந்தது. அன்று காலையில் எட்டினவர் தானாகவே எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். ஜெயக்கொடி அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தெருவில் இறங்கித் தேரிக்காட்டுப் பக்கம் நடந்து போனார். வழியில் எதிர்ப்பட்டவர்கள் மரியாதைக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

சாயங்காலம் கொடைப் பந்தலில் கமிட்டித் தலைவர் கனகலிங்கம், சுயம்புவை மேடைக்கு அழைத்தார். ஒரு வருசத்துக்குள் எத்தனையோ வீட்டில் பாக்கிகள் மணலோடு போய்விட்டார்கள், எட்டினவர்களும் அவரவர் தேதியில் கிளம்பிப் போய்விட்டார்கள். எட்வினின் பேக்கரி பூட்டிக் கிடந்தது. பாக்கி நின்ற ஒரே வீடு சுயம்புவின் வீடுதான். ஊருக்கு ஒரு நல்ல சொல் தேவைப்பட்டது. கனகலிங்கம் ரோஜாமாலையைப் போட்டு, மைக்கை அவர் கையில் கொடுத்தார்.

"சொல்லும் மாப்ள. 'சாவுத வரைக்கும் தொட மாட்டேன்'னு அம்மன் முன்னால ஒரே ஒரு வார்த்தை சொல்லும். பிள்ளையள் கேக்கட்டும்."

கூட்டம் கை தட்டியது. தட்டிலே கற்பூரம் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஒன்றரை வருசமாக ஓயாத காற்று அந்த நிமிசம் நின்றது. காற்றாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் சுயம்பு தெருக்கோடியைப் பார்த்தார்.

அங்கே ஒரு கிழவர் நின்றார். புதுவேட்டி போர்த்தியிருந்தது. தாடையைச் சுற்றி உச்சந்தலையில் துணி முடிச்சுப் போட்டிருந்தது. நெற்றியில் காசு ஒட்டியிருந்தது. கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அந்தக் கட்டோடு எப்படி அவ்வளவு தூரம் வந்தாரோ, வந்து, சொல்ல வேண்டிய வார்த்தை சொல்லப்பட்டதும் பந்தலுக்குள் நுழையலாம் என்பதுபோலப் பொறுமையாகக் காத்திருந்தார். நரைத்திருந்தாலும் சுயம்புவுக்குத் தன் முகம் தெரியாதா. சாகிற வரைக்கும் தொடாதவர். முழுசாக எட்டினவர்.

கொடைக்குப் பாட வந்து பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த வில்லுப்பாட்டுக்காரர் உடுக்கைக் கயிற்றின் மேலிருந்த கையைத் தளர்த்தினார். கிழவர் அவர் கண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"சொல்லும் மாப்ள" என்றார் கனகலிங்கம்.

சுயம்பு தொண்டையைச் செருமினார். "பொழுது இன்னும் அடையலைய்யா" என்றார் மைக்கில். "அடைஞ்ச பெறவு கேளுங்க. இன்னைக்குத் தொடலன்னா, இன்னைக்குத் தொடலன்னு சொல்லுதேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கு, நாளைக்குக் கேளுங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. யாரோ சிரித்தார்கள். கனகலிங்கத்தின் முகம் சுருங்கியது. சுயம்பு மாலையைக் கழற்றி அம்மன் காலடியில் வைத்துவிட்டு, எரிகிற கற்பூரத்தைத் தொடாமல் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். தெருக்கோடியில் நின்ற கிழவர், வீடு மாறி வந்துவிட்டவர்போலக் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, கட்டிய விரல்களோடு மெல்ல மெல்லத் திரும்பி, வந்த வழியே போனார்.

வினிஷா ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. கோயில் சந்துக்குள் திரும்பியதும் கேட்டாள்.

"அப்பா, அது யாரு?"

"ஒனக்கும் தெரிஞ்சுதா?"

"ம்."

"நமக்கு வேண்டிய ஆளுதாம்ளா" என்றார் சுயம்பு. "வரவேண்டிய நாள்ல தானா வருவாரு. நாம போய்க் கூப்புடக் கூடாது."

பின்னால் ஜெயக்கொடி கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.